பழைய எண்ணெய்க் கிணற்றில் மின்சாரம்: செட்டிநாட்டு வெயிலில் போடும் கணக்கு

கைவிட்ட எண்ணெய்க் கிணற்றில் நீரை இறக்கி, அடியில் உள்ள சூட்டை மேலே கொண்டுவந்து மின்சாரம் எடுக்கலாம். அதற்குக் காரைக்குடிக்காரர் எண்ணெய்க் கிணறு பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம் பக்கம், காவிரிப் படுகைக்குப் போக வேண்டும். நிலம் யாருடையதாக இருந்தாலும் கிணறு உரிமம் எடுத்த நிறுவனத்துடையது. எழுத்தில் அனுமதி வாங்காமல் கிணற்றுத் தலையைத் தொடாதீர்கள். சிமென்ட் அடைத்து மூடியதை விட்டுவிடுங்கள், அதைத் துளைத்தெடுக்கும் ரிக் வாடகையே கையைக் கடிக்கும். அடைக்காமல் நிறுத்திவைத்த, 3,000 மீட்டர் ஆழமும் 7 அங்குல கேசிங்கும் (கிணற்றுச் சுவராக நிற்கும் இரும்புக் குழாய்) உள்ள கிணறு தோது.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும். மேலே 29 என்றால் அடியில் 105 முதல் 120. துளையிட்ட காலத்துப் பதிவை அப்படியே எடுக்க வேண்டாம். துளையிடும் சேறு சுற்றிக் குளிர்ந்த கிணறு குறைத்தே காட்டும். கருவியை இறக்கிப் புதிதாக வெப்பநிலை லாக் (ஆழவாரிப் பதிவு) எடுங்கள். கூடவே கேசிங்குக்கும் பாறைக்கும் இடையே உள்ள சிமென்ட் பிடிப்பையும் பாருங்கள்.

அடுத்து, எண்ணெய் உள்ளே வர கேசிங்கில் போட்ட துளைகள் உள்ள இடத்துக்கு மேலே பிரிட்ஜ் பிளக் (குழாயை அடைக்கும் மூடி) வைத்துச் சிமென்ட் போட்டு, அழுத்தச் சோதனை செய்யுங்கள். கசிந்தால் மீத்தேன் நீரோடு ஏறிவரும். திரும்பும் குழாயில் வாயுப் பிரிப்பானும் அலாரமும் கட்டாயம். பிறகு வெப்பக் காப்பிட்ட டியூபிங்கை (கேசிங்குக்குள் போகும் சிறு குழாய்) உள்ளே தொங்கவிடுங்கள். உப்பு நீக்கிய குளிர்நீர் கேசிங்கை ஒட்டி இறங்கி, பாறைச் சூட்டை வாங்கி, டியூபிங் வழியே ஏற வேண்டும். காப்பில் காசு மிச்சம் பிடித்தால் ஏறும் சூட்டை இறங்கும் நீரே தின்றுவிடும்.

விநாடிக்கு 3 லிட்டர், ஏறும்போது 85 டிகிரி, திரும்பும்போது 65 என்று வைத்தால்: 3 × 4.2 × 20, அதாவது சுமார் 250 கிலோவாட் வெப்பம். குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஐசோபென்டேன் போன்ற திரவத்தின் ஆவியில் ஓடும் ஓ.ஆர்.சி. (ஆர்கானிக் ரேங்கின் சைக்கிள்) டர்பைன் அதில் அதிகபட்சம் 6 சதவீதத்தை, 15 கிலோவாட்டை, மின்சாரமாக்கும். பம்பும் விசிறியும் போக மிஞ்சுவது 10. ஒரு 7.5 எச்.பி. மோட்டாருக்குக் காணும். ஓட்டத்தைக் கூட்டினால் வெப்பம் கூடும், ஆனால் நீர் ஆறும். மாதங்கள் போகப்போகக் கிணற்றைச் சுற்றிய பாறையும் ஆறும்.

அமெரிக்காவின் வயோமிங்கில் 2008-இல் 250 கிலோவாட் இயந்திரம் ஓடியதே என்பார்கள். அது எண்ணெயோடு தானாக வந்த வெந்நீர், நம்முடையது போல அதே நீரைச் சுற்றவிடும் மூடிய சுற்று அல்ல. அலாஸ்காவின் சேனா (Chena) வெந்நீரூற்றில் 74 டிகிரி நீரே போதுமானதற்குக் காரணம், குளிர்விக்க 4 டிகிரி நீர் கிடைப்பது. நமக்குச் சித்திரை மதியத்தில் காற்றே 38. டர்பைன் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சர் அப்போது 45-க்குக் கீழே இறங்காது. ஊருணி நீரால் குளிர்விக்கலாம் என்றால், நாளுக்கு 8,500 லிட்டர் ஆவியாகும். கோடையில் எந்த ஊரும் அதற்குச் சம்மதிக்காது.

எனவே இரவில் முழு ஓட்டம் கொடுங்கள். மதியத்தைச் சோலாரிடம் விட்டு ஓட்டத்தைக் குறைத்தால் பாறையும் கொஞ்சம் சூடு மீளும்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே நெல் ஊறவைக்கும் அரிசி ஆலையோ கருவாடு உலர்த்தும் கொட்டகையோ இருந்தால், டர்பைனை மறந்துவிட்டு 250 கிலோவாட் வெப்பத்தையும் அங்கேயே விடுங்கள்.