கிரீடென்ஸ் குழுவைக் கேட்கத் தொடங்கும் முறை

கானாவில் ஊறிய வியாசர்பாடிக் காதுகளுக்கு, கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழு அவ்வளவு அந்நியமாக ஒலிக்காது. முதலில் 1969இல் வெளிவந்த 'ஃபார்ச்சுனேட் சன்' பாடலை ஹெட்போனில் கேளுங்கள் (காசிமேட்டு லாரி இரைச்சலில் போன் ஸ்பீக்கரை நம்பினால் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஒலி காணாமல் போய்விடும்). டிரம்ஸும் பேஸும் முன்னே செல்ல, கிட்டார் பின்னால் வந்து சேர்வதைக் கவனியுங்கள். அடுத்து வரிகளைப் படித்துக்கொண்டே மறுபடி கேட்டால், வசதியானவர்களின் பிள்ளைகள் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து நழுவிக்கொள்ள, ஏழை வீட்டுப் பையன்கள் வியட்நாம் போர்முனைக்குப் போனதன் மீதான கோபமே அந்தக் கரகரத்த குரலில் கொதிக்கிறது என்பது விளங்கும். ஆனால் வியட்நாம் என்ற பெயர் பாடலில் வரவே வராது. எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி தாமே ராணுவ ரிசர்வ் படையில் இருந்தவர். 1970இல் வந்த 'ஹூல் ஸ்டாப் தி ரெயின்' பாடலை அதன் பிறகு கேட்கலாம். அதில் கோபத்தைவிடச் சலிப்பே மிகுதி.