சிறு பட்டறையில் பணியாளர் நிர்வாகத்தைத் தொடங்குவது எப்படி?

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ சிலரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள், மனிதவள மேலாண்மை பெரிய நிறுவனங்களுக்கே உரியது என்று எண்ண வேண்டாம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான வட்டாரம் இது.

ஆள் தேடும் முன், அந்த வேலையில் அன்றாடம் செய்ய வேண்டியவை, தேவையான திறன், யாருடைய மேற்பார்வை என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சேர்க்காமல், அரை நாள் வேலை செய்யவைத்துப் பார்த்து, அதற்கும் கூலி கொடுத்து முடிவெடுப்பதே நேர்மையானது. சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகியவை கொண்ட நியமனக் கடிதத்தைத் தமிழிலேயே தாருங்கள்.

சம்பளத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் பிடித்தங்களின் விவரம் காட்டும் சம்பளச் சீட்டுடன் தொழிலாளியைச் சேர வேண்டும். பொதுவாக, 10 பேர் ஆனதும் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு, 20 பேர் ஆனதும் வருங்கால வைப்பு நிதி பொருந்தும். ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, பின்னதைச் சம்பளத்தில் பிடிப்பது சட்டத்திற்குப் புறம்பானது, என் பார்வையில் அநியாயமும்கூட.

10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கும் நாட்களுக்கான வருகை விதியையும் ஐப்பசிக்கு முன்பே தொழிலாளர்களுடன் பேசி முடிவுசெய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.