மலைக் காய்ச்சலும் செட் மாத்திரையும்: நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கிற எங்கள் அத்தைக்குப் போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் கூலியை விட மனமில்லாமல் மெடிக்கலில் சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்று நாளாகியும் இறங்கவில்லை என்றதும் 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா' என்று செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தார்கள். அதற்கும் இறங்கவில்லை. ஆறாம் நாள் தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் முதலில் கேட்டதே என்ன வேலை என்றுதான். அப்புறம் நர்ஸ் புடவையைத் தளர்த்திப் பார்த்தார். இடுப்பில், பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், உளுந்து அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம், சிகரெட்டால் சுட்ட மாதிரி. வலியோ அரிப்போ இல்லாததால் அத்தைக்கே அது தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. பொருக்கு எல்லோருக்கும் வராது, வந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவாகவே இருக்கும். அதனால் தோட்டத்துக்கோ காட்டுக்கோ போனதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

அதைவிடப் பெரிய தவறு, ஆன்டிபயாடிக்கை 'ஸ்ட்ராங்', 'லேசு' என்று தரம் பிரிப்பது. அமாக்சிசிலின், செஃபிக்சிம் எல்லாம் பாக்டீரியாவின் சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பவை. ஸ்க்ரப் டைபஸ் கிருமியோ நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது, அதற்குச் சொல்லும்படியான சுவரும் கிடையாது. அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த மாத்திரைகள் அதைத் தொடாது. அந்தக் கிருமி புரதம் தயாரிப்பதைத் தடுக்கிற டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின்தான் வேலை செய்யும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் குழு, நோய் முற்றிய சுமார் 800 பேரிடம் செய்த ஆய்வு 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. மரணம், நீடிக்கும் சிக்கல், இறங்காத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று எத்தனை பேருக்கு நேர்ந்தது என்று பார்த்தார்கள். டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். இதைப் படித்துவிட்டு இரண்டையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றிய மருந்து.

அடுத்த தவறு, சாதாரணச் சளிக்கு அசித்ரோமைசின் போடுவது. நம் குளிரில் ஐந்தாம் நாள் இருமல் நிற்கவில்லை என்றதும் மனசு கேட்பதில்லை, புரிகிறது. ஆனால் சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. 2013இல் மருத்துவ ஆராய்ச்சியாளர் மார்க் ஏபெல் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி வரும் இருமல் சராசரியாக 18 நாள் இருக்கிறது என்று தெரிந்தது. மக்கள் எதிர்பார்ப்பதோ ஏழு, ஒன்பது நாள்தான். அந்த இடைவெளியில்தான் தேவையில்லாத மாத்திரை உள்ளே போகிறது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய சளிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

எத்தனை நாள் சாப்பிடுவது என்பதிலும் குழப்பம். நாள் அதிகமானால் நல்லது என்ற பழைய எண்ணம் மாறிக்கொண்டிருக்கிறது. பல நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று பிராட் ஸ்பெல்பெர்க் போன்ற ஆராய்ச்சியாளர்கள் விடாமல் எழுதுகிறார்கள். அதற்காக நாமே பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் தகர டப்பாவில் போட்டுவைத்து, அடுத்த காய்ச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற பழக்கம் சரியாகிவிடாது. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதும்போதே எத்தனை நாள் என்று கேட்டுவிடுங்கள். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

கடைசியாக, நம் வீடுகளுக்கென்றே ஒரு தவறு: மாத்திரையைச் சூடான பால் டீயில் விழுங்குவது. பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், டாக்சிசைக்ளினில் கொஞ்சம், சிப்ரோஃப்ளாக்சசினில் இன்னும் அதிகம். டாக்சிசைக்ளினைப் போட்ட கையோடு படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கிவிடும். அத்தைக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் உட்காரவைத்தோம். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது, டீ அதற்கப்புறம்தான்.