அனுமானம்: சொல்லின் பொருளும் கையாளும் முறையும்

"அனுமானமாத்தான் சொல்றேன், உறுதியாத் தெரியாது" என்று பேச்சில் சொல்வோம். தருக்க நூல்களில் இந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய எதிர்ப்பொருள். அனு என்றால் பின், மானம் என்றால் அளவு. கண்டதை வைத்துக் காணாததை ஐயமில்லாமல் அளந்தறிவதே அனுமானம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இதைக் 'கருதல்' என்கிறது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், ஒன்றாக வைக்கிறது. உறுதியில்லாத இடத்தில் 'ஊகம்' என்றே எழுதுங்கள்.

அனுமானத்தை முழுதாக எழுத ஐந்து உறுப்பு வேண்டும். மலையில் தீ இருக்கிறது: பக்கம், நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால்: ஏது, அதற்கான காரணம். அடுக்களை போல: எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் அதே போலப் புகை இருக்கிறது: உபநயம். ஆகவே தீ இருக்கிறது: நிகமனம். பௌத்த தருக்கம் பேசும் மணிமேகலையின் 29ஆம் காதை, கடைசி இரண்டும் எடுத்துக்காட்டிலேயே அடங்கும் என்கிறது. அன்றாட எழுத்துக்கு அந்த மூன்றே போதும்.

கவனமெல்லாம் ஏதுவில் இருக்க வேண்டும். அதை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். பேசப்படும் மலையில் அது உண்மையிலேயே உண்டா? பனியைப் புகையென்று எண்ணியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்தது. தீ உள்ள அடுக்களையில் உண்டா? தீயே இல்லாத குளத்தில் அறவே இல்லையா? மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. திருப்பிப் போட்டாலும் தவறு வரும்: 'தீ இருக்கிறது, ஆகவே புகை இருக்கும்' என்பது நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை.

ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்பது பழைய எடுத்துக்காட்டு. மணிமேகலை இவ்வகையை 'எச்சம்' என்கிறது. இன்று வைகையில் நீர் பெருகினால் அணையைத் திறந்திருக்கலாம். மழையே இல்லாமலும் வெள்ளம் வரும். இதே தடையைப் பழைய வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரமும் எழுப்புகிறது: ஆற்றை அடைத்தாலும் நீர் ஏறுமே? விடை அழகானது. வெறும் நீர்ப்பெருக்கு ஏது ஆகாது. வேகமான ஓட்டம், நுரை, அடித்துவரும் இலை, பழம், கட்டை எல்லாம் சேர்ந்த வெள்ளமே ஏது என்கிறது அந்நூலின் விளக்கவுரை. ஏது பிசகினால் முடிவை உடனே கைவிட வேண்டியதில்லை. ஏதுவை இப்படிக் குறுக்கிக் கூர்மையாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அணை திறக்கவில்லை என்று தெரிந்து, வரும் நீரில் செம்மண்ணும் சருகும் கண்டால், 'மலையில் மழை பெய்ததென அனுமானிக்கிறோம்' என்று எழுதலாம். நீர்மட்டம் ஏறியது மட்டுமே தெரிந்தால், 'மழை பெய்திருக்கலாம்' என்பதோடு நிறுத்துங்கள்.