பலவீனமான பேட்டிங் வரிசையை அலசுவது எப்படி? 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

2024 செப்டம்பர் 24 அன்று சிகாகோவின் தென்பகுதியில் உள்ள சொந்த மைதானத்தில் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி, பின்தங்கியிருந்து மீண்டு, ஏஞ்சல்ஸ் அணியை 3-2 என்று வென்றது. தங்கள் அணி முன்னிலை பெற்றபோது அரங்கில் இருந்த ரசிகர்களில் பலர் கைதட்டவில்லை. எதிர்ப்புக் கூச்சல் எழுப்பினார்கள். அன்று தோற்றிருந்தால் நவீன பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகள் என்ற சாதனையை அவர்கள் நேரில் பார்த்திருக்கலாம். அந்த 121ஆவது தோல்வி மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் நிகழ்ந்தது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டங்களில் தோற்றதே அதுவரை எல்லையாக இருந்தது.

இப்படிப்பட்ட அணியைப் பற்றி ரசிகர்கள் விவாதிக்கும்போது எல்லோரும் பேட்டிங் வரிசையைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஒருவர் முதலில் ஆடுபவரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் மேலாளரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, நீக்கச் சொல்வார், மூன்றாமவர் சம்பளக் கணக்கைப் பேசுவார். பேஸ்பாலுக்குப் புதியவர் ஒருவர் இந்தச் சத்தத்துக்கு நடுவே எது சரியான வாதம், எது வெறும் ஆற்றாமை என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டும் அல்லவா? ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், அணியின் பருவப் புள்ளிவிவரப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

முதல் படி: குற்றம் பேட்டில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

பெரும்பாலான விவாதங்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஓர் அணி தோற்பதற்கு இரண்டே வழிகள் உள்ளன: குறைவாக ரன் எடுப்பது, அதிகமாக ரன் கொடுப்பது. ஆகவே தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள். 2024இல் ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் எடுத்தது 507 ரன், கொடுத்தது 813 ரன்.

இவற்றுக்குப் பக்கத்தில் சராசரி அணியின் எண்ணையும் எழுத வேண்டும். அந்த ஆண்டு வட அமெரிக்காவின் உச்சநிலைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 4.39 ரன் எடுத்தது. 162ஆல் பெருக்கினால் சுமார் 711. இப்போது கழித்துப் பாருங்கள். பேட்டிங்கில் பற்றாக்குறை 204 ரன். பந்துவீச்சும் ஃபீல்டிங்கும் சேர்ந்து கூடுதலாகக் கொடுத்தது 102 ரன். அதாவது கப்பல் மூழ்கியதற்கு இரண்டு ஓட்டைகள் காரணம் என்றால், பேட்டிங் ஓட்டை மற்றதைவிடச் சரியாக இரண்டு மடங்கு பெரியது. பந்துவீச்சாளர்களை மட்டும் திட்டிக்கொண்டிருந்த ரசிகரிடம் இந்தக் கழித்தலைக் காட்டினாலே போதும்.

இரண்டாம் படி: ரன்களை வெற்றிகளாக மாற்றுங்கள்

பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் என்பவர் பரப்பிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் கூடிய தொகையால் வகுத்தால், அந்த அணி வெல்ல வேண்டிய விகிதம் கிடைக்கும்.

507இன் வர்க்கம் 2,57,049; 813இன் வர்க்கம் 6,60,969. வகுத்தால் 0.280. அதை 162ஆல் பெருக்கினால் 45 வெற்றிகள். அணி உண்மையில் வென்றது 41. ஆக, நான்கு வெற்றிகள் அளவுக்கு அதிர்ஷ்டமும் கைவிட்டது என்று சொல்லலாம். ஆனால் "வெறும் துரதிர்ஷ்டம்" என்ற வாதத்துக்கு அதற்கு மேல் இங்கே இடமில்லை.

இதே சூத்திரத்தில் 507க்குப் பதில் சராசரி எண்ணான 711ஐ இட்டுப் பாருங்கள். பந்துவீச்சு அப்படியே மோசமாக இருந்தாலும் அணி 70 ஆட்டங்களை வென்றிருக்கும். மாறாக, பேட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு 813ஐ 711 ஆக்கினால் கிடைப்பது 55தான். எந்தப் பக்கத்தைச் சரிசெய்தால் பலன் அதிகம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

மூன்றாம் படி: மூன்று எண்களைப் படிக்கப் பழகுங்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குப் பேட்டிங் சராசரி என்ற சொல் குழப்பத்தைத் தரும். கிரிக்கெட்டில் அது ஓர் அவுட்டுக்கு எத்தனை ரன் என்பதைச் சொல்கிறது. பேஸ்பாலில் அது எத்தனை முயற்சிகளுக்கு எத்தனை ஹிட் என்பதைச் சொல்கிறது. களத்தின் நான்கு மூலைகளில் உள்ள பேஸ்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன்; பந்தை அடித்து, அவுட்டாகாமல் முதல் பேஸையாவது அடைந்தால் அது ஹிட். அந்தக் கணக்கில் வாக், அதாவது நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போவது, சேராது. வாக்கையும் பந்து உடலில் பட்டு பேஸ் பெறுவதையும் சேர்த்தால் ஓபிபி, அதாவது பேஸ் அடையும் விகிதம் கிடைக்கும். ஒவ்வொரு ஹிட்டும் எத்தனை பேஸ் தந்தது என்று எடை போட்டால் ஸ்லக்கிங் விகிதம் கிடைக்கும்.

2024 ஒயிட் சாக்ஸின் மூன்று எண்கள் 0.221, 0.278, 0.340. லீக் சராசரி 0.243, 0.312, 0.399. ரசிகர்கள் இவற்றை "இருநூற்று இருபத்தொன்று" என்பது போல முழு எண்ணாகவே உச்சரிப்பார்கள் என்பதால் முதலில் கேட்கும்போது தடுமாற வேண்டாம்.

இங்கே ஒரு சிறிய கழித்தல் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் பொறுமை தெரியும்: ஒயிட் சாக்ஸுக்கு 0.057, லீக்குக்கு 0.069. மூன்றாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் வலிமை தெரியும்: ஒயிட் சாக்ஸுக்கு 0.119, லீக்குக்கு 0.156. சில பலவீனமான அணிகளுக்கு வலிமை இருக்கும், பொறுமை இருக்காது. சிலவற்றுக்கு நேர்மாறாக அமையும். இந்த அணிக்கு ஹிட், பொறுமை, வலிமை மூன்றுமே இல்லை என்பதுதான் அதன் தனிச்சிறப்பு, அப்படிச் சொல்லலாம் என்றால்.

நான்காம் படி: அவுட்டுகளை எண்ணுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் நேரக் கட்டுப்பாடோ ஓவர் கணக்கோ ஆட்டத்தின் நீளத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27 அவுட். இந்த 27ஐயும் செலவழிக்கும் வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் பேட் செய்யலாம். ஆகவே அவுட்தான் இந்த விளையாட்டின் காசு. ஓபிபியை 1இலிருந்து கழித்தால் ஒரு பேட்டர் எவ்வளவு வேகமாக அந்தக் காசைக் கரைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஒயிட் சாக்ஸ் பேட்டர் ஒருவர் அவுட்டாகும் வாய்ப்பு 0.722, சராசரி பேட்டருக்கு 0.688. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஓர் இன்னிங்ஸை மட்டும் எடுத்து உற்றுப் பார்ப்போம். முதலில் வரும் மூவரும் வரிசையாக அவுட்டாகி இன்னிங்ஸ் முளையிலேயே கருகிவிடும் வாய்ப்பு என்ன? 0.722ஐ மூன்று முறை பெருக்கினால் 0.376, 0.688ஐ மூன்று முறை பெருக்கினால் 0.326. சராசரி அணிக்கு நூற்றில் 33 இன்னிங்ஸ் வெறுமையாக முடிகின்றன என்றால், இந்த அணிக்கு 38 அப்படி முடிகின்றன. இன்னொரு வகையில் பார்த்தால், 27ஐ 0.722ஆல் வகுக்க 37.4 வருகிறது, 0.688ஆல் வகுக்க 39.2 வருகிறது. டபுள் ப்ளே (ஒரே பந்தில் இருவர் அவுட்டாவது) போன்றவற்றைச் சேர்க்காத எளிய கணக்கு இது என்றாலும், ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேட்டர்கள் களத்துக்கு வராமலே போகிறார்கள் என்பதை அது காட்டுகிறது. அந்த இருவருக்கு முன்னால் பேஸில் நின்றிருக்க வேண்டிய ஆட்களும் இல்லை. ஆகவே ஹோம் ரன், அதாவது அடித்தவரும் பேஸில் இருப்பவர்களும் சுற்றி வந்து ரன் எடுக்க வைக்கும் அடி, அடித்தாலும் அது பெரும்பாலும் ஒரே ரன்னோடு நின்றுவிடுகிறது. "எங்கள் ஆட்கள் அடிக்கும்போது பேஸில் யாருமே இருப்பதில்லை" என்ற ரசிகரின் புலம்பலுக்கு உள்ளே இருக்கும் கணக்கு இதுதான்.

ஐந்தாம் படி: வரிசையை மாற்றும் வாதத்தை எடைபோடுங்கள்

ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த வாதம் இது. "ஏழாவதாக ஆடுபவரை இரண்டாவதாக இறக்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். கிரிக்கெட்டில் வரிசை பெரிய விஷயம், ஏனென்றால் அவுட்டானவர் திரும்ப வர முடியாது. பேஸ்பாலில் ஒன்பதாமவருக்குப் பிறகு முதலாமவர் மீண்டும் வருகிறார். வரிசை ஒரு ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசி அவுட் எந்த இடத்தில் விழும் என்பது ஏறத்தாழ ஒன்பது இடங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதால், ஓர் இடம் கீழே இறங்கினால் ஒரு பருவத்தில் இழப்பது 162ஐ ஒன்பதால் வகுத்த 18 வாய்ப்புகள்தான்.

ஏழிலிருந்து இரண்டுக்கு ஏற்றினால் ஐந்து இடங்கள், 90 வாய்ப்புகள். 0.280 ஓபிபி உள்ளவருடைய வாய்ப்புகளை 0.330 உள்ளவருக்குக் கொடுத்ததாக வைத்துக்கொண்டால், 90ஐ 0.05ஆல் பெருக்க, ஆறு மாதப் பருவத்தில் கூடுதலாக நான்கைந்து முறை பேஸை அடையலாம். 204 ரன் பள்ளத்தை இதைக் கொண்டு நிரப்ப முடியாது. வரிசை அமைப்பதில் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாலை முழுவதும் சண்டை போடும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை.

மேலாளரைப் பற்றிய வாதத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 21 தொடர் தோல்விகள் ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் முடிவுக்கு வந்த இரண்டு நாளில் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். அவர் காலத்தில் அந்தப் பருவத்தில் 28 வெற்றி, 89 தோல்வி. இடைக்காலப் பொறுப்பேற்ற கிரேடி சைஸ்மோரின் கீழ் 13 வெற்றி, 32 தோல்வி. நூற்றுக்கு 24 வெற்றி என்பது 29 ஆயிற்று, அவ்வளவுதான்.

ஆறாம் படி: தனி ஆட்களிடம் வரும்போது களத்தில் அவர் நிற்கும் இடத்தையும் பாருங்கள்

கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) ஃபீல்டிங்குக்காகவே அணியில் இருக்கலாம். அவர்கள் குறைவாக அடித்தால் பொறுத்துக்கொள்ளலாம். முதல் பேஸிலும் இடது அவுட்ஃபீல்டிலும் (பேஸ்களுக்கு அப்பால் உள்ள வெளிக்களத்தின் இடப்பக்கம்) நிற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர்கள் அடிப்பதற்காகவே இருக்கிறார்கள். முதல் பேஸில் நின்ற ஆண்ட்ரூ வான், 2019 டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 19 ஹோம் ரன் அடித்தார். இடது அவுட்ஃபீல்டில் நின்ற ஆண்ட்ரூ பெனின்டெண்டி 20 அடித்தார். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இருவரின் ஓபிபியும் 0.300க்குக் கீழே, அதாவது லீக் சராசரியையே தொடவில்லை. பெனின்டெண்டியின் ஐந்தாண்டு, 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரியது. அவர்மீது ரசிகர்கள் கோபப்படுவது புரிகிறது, ஆனால் அந்தத் தொகைக்கு மேல் எந்த வீரருக்கும் அதுவரை கொடுக்காதவர்கள்மீது இன்னும் கொஞ்சம் கோபம் நியாயம் என்பது என் கருத்து.

காயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2023இல் 38 ஹோம் ரன் அடித்த லூயிஸ் ராபர்ட் 2024இல் 100 ஆட்டங்கள் மட்டுமே ஆடி 14 அடித்தார். யோவான் மொன்காடா ஆடியது வெறும் 12 ஆட்டங்கள். ஜூலை இறுதியில் எலோய் ஹிமெனெஸ், டாமி ஃபாம், பால் டி-யங் ஆகியோர் வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே ஆகஸ்ட் மாத வரிசையை வைத்து ஏப்ரல் மாதத் திட்டத்தை மதிப்பிடக் கூடாது.

ஒரு வாரத்து ஆட்டத்தை வைத்தும் யாரையும் மதிப்பிடாதீர்கள். 550 முயற்சிகளில் 0.250க்கும் 0.275க்கும் உள்ள வித்தியாசம் 14 ஹிட்டுகூட இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒன்று. கண்ணால் பார்த்து அதை யாராலும் பிடிக்க முடியாது.

ஏழாம் படி: "தோற்பதே நல்லது" என்பவரிடம் விதியைக் கேளுங்கள்

தோற்றால் டிராஃப்டில் முதல் தேர்வு கிடைக்கும் என்று ஆறுதல் சொல்பவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். ஆனால் டிராஃப்டின் முன்னணி இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன; அதிக வருவாய் உள்ள பெரிய சந்தை அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கல் தேர்வு பெற முடியாது என்பது விதி. முந்தைய ஆண்டே அதைப் பெற்றுவிட்டதால், 121 தோல்விகளுக்குப் பிறகும் 2025 டிராஃப்டில் ஒயிட் சாக்ஸுக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

பயிற்சி

2025இல் கொலராடோ ராக்கீஸ் 43 வெற்றி, 119 தோல்வி கண்டது. எடுத்தது 597 ரன், கொடுத்தது 1,021 ரன். முதல் இரண்டு படிகளை இந்த எண்களுக்குச் செய்து பாருங்கள். சூத்திரம் 41 என்ற விடையைத் தர வேண்டும். 597 என்பது 507ஐவிட எவ்வளவோ மேல் என்று தோன்றும்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: அந்த அணியின் சொந்த மைதானம் டென்வரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த அங்கே பந்து அதிக தூரம் பறக்கும், ரன்கள் எளிதாக வரும். ஆகவே அந்த அணியின் வெளியூர் ஆட்டங்களின் மூன்று எண்களைத் தனியாக எடுத்து மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.