கடலோர மணலில் பீட்ரூட்: முதல் பாத்தி போடுவது எப்படி?

கடும் வெயிலும் உறைபனியும் இல்லாத கடலோரத்தில் தோட்டம் போடுகிறவர்கள் பலரும் ஆசையாகத் தக்காளியில் ஆரம்பிப்பார்கள். இரவில் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தக்காளிப் பூ சரியாகப் பிஞ்சு பிடிக்காது. முதல் பயிருக்கு பீட்ரூட்தான் தோது. அதன் காட்டு இனமே கடற்கரையில் வளரும் செடி. உப்புக்கு லேசில் அசராது.

விதை வாங்கும் முன்பே காற்றைத் தணிக்க வழி பண்ணுங்கள். சுவர் எழுப்பினால் அதைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சுழன்றடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் வலையைக் கடல் பக்கமாகக் கம்பு நட்டுக் கட்டினால் போதும்.

மேல்மண்ணை 20 செ.மீ. ஆழம் கொத்தி, 5 செ.மீ. கனத்துக்கு மக்கிய தொழுவுரம் பரப்பிக் கலக்குங்கள். சதுர மீட்டருக்கு 50 லிட்டர் வரும். நனைத்த மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும். பொலபொலவென உதிர்ந்தால் எரு பற்றவில்லை. பச்சைச் சாணம் வேண்டாம், இலைதான் தழைக்கும்.

பீட்ரூட் 'விதை' என்பது பெரும்பாலும் சில விதைகள் ஒட்டிய கொத்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில், 5 செ.மீ.க்கு ஒன்றாக ஊன்றுங்கள். வரிசை இடைவெளி 30 செ.மீ. ஒன்றிரண்டு வாரத்தில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மூன்று சிவப்புத் தண்டுகள் கூன் போட்டபடி மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும். பார்க்க அழகு, அப்படியே விட்டால் நெருக்கத்தில் கிழங்கு சிறுத்துப்போகும். நான்கு இலை வந்ததும் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பின்னிக் கிடக்கும் வேர் எல்லாம் அசையும். கடைசியில் செடிக்குச் செடி 10 செ.மீ. இருக்கட்டும். நறுக்கிய கீரை சமையலுக்கு.

மணலில் தண்ணீர் நிற்காது; ஒரே நாளில் கொட்டாமல் பிரித்து ஊற்றுங்கள். காயப்போட்டுத் திடீரென நனைத்தால் கிழங்கு வெடிக்கும். உள்ளே கரும்புள்ளி விழுந்தால் பெரும்பாலும் போரான் என்ற நுண்சத்து குறைவு. மணலில் அது சீக்கிரம் கரைந்தோடிவிடும். பலத்த கடல்காற்று அடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், ஓரம் கருகாது.

இளஞ்செடி 10 டிகிரிக்குக் கீழே சில வாரம் கிடந்தால் கிழங்குக்குப் பதில் பூத்தண்டு போடும். அதனால் குளிர் விலகிய பிறகே விதையுங்கள். எட்டு முதல் பத்து வாரத்தில், எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதானதும் பிடுங்கலாம்.