பழைய டிராக்டரில் ரேடியேட்டர் ஒழுகினால்: ஈயம் வைத்து அடைக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் சேற்றுழவுக்கு ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது பித்தளைத் தொட்டி, செம்புத் தகடு வைத்த ரேடியேட்டர். தொட்டி ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டினால் மஞ்சள் தெரியும். தெரிந்தால் ஈயம் பிடிக்கும். அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி வகைக்கு இந்த முறை ஆகாது.

கழற்றுவதற்கு முன், ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்று பாருங்கள். வாட்டர் பம்ப் சீல் போனால் பம்புக்கு அடியிலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் சொட்டும். ஃபேன் அதை வாரி ரேடியேட்டர் மேல் அடித்துவிடும். ஹோஸ் கிளிப்பையும் இறுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே விடாமல் குமிழி வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி பயனில்லை. சூட்டில் மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள்.

தண்ணீரை வடித்து, மேல் கீழ் ஹோஸ், ஃபேன் கூடு, அடி போல்ட்டுகளைக் கழற்றி ரேடியேட்டரை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்தால் ஃபேன் இறக்கை தகட்டைக் கிழித்துவிடும். தகடுகளுக்குள் காய்ந்த சேற்றையும் வைக்கோல் தூசியையும் ஃபேன் இருந்த பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

அடுத்தது ஓட்டையைத் தேடுவது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஹோஸ் வாய்களை ரப்பர் கட்டையால் அடைத்து, மூடியைப் போட்டு, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக இல்லாமல் அடைப்புக் கட்டையில் பொருத்திய டயர் டியூப் வால்வு வழியாகக் காற்று ஏற்றுங்கள். 5 பவுண்டு (psi) அழுத்தம் போதும். 7-ஐத் தாண்ட வேண்டாம். சைக்கிள் பம்ப் நல்லது, கம்ப்ரசரில் கை தவறினால் தொட்டி உப்பிவிடும். தண்ணீர்த் தொட்டியில் முழுதாக மூழ்கடித்து, குமிழி வரும் ஒவ்வொரு இடத்தையும் ஆணியால் கீறி அடையாளம் வையுங்கள். ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி ஈயம். தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூடு ஏறாது, ஈயம் உருண்டு ஓடும். ஓட்டையைச் சுற்றி ஒரு அங்குலம் பெயிண்ட், பழைய ஈயம், பச்சைக் களிம்பு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் எடுத்து உலோகம் பளிச்சென்று தெரியவிடுங்கள். ஈயம் ஒட்ட உதவும் ஜிங்க் குளோரைடு ஃப்ளக்ஸைத் தடவி, பெரிய செம்புத் தலை வைத்த பற்றுக்கோலை ப்ளோ லாம்பில் காய்ச்சி, முதலில் மெல்லியதாக ஈயப் பூச்சு ஏற்றுங்கள். பூச்சு பரவிய பிறகே 50:50 ஈயம்-வெள்ளீயக் கம்பியை உருக்கி நிரப்புங்கள். கேஸ் வெல்டிங் தீயை நேராகக் காட்டினால் பக்கத்து மூட்டுகளும் உருகி, ஒரு ஓட்டை நான்காகும். புகை உடம்புக்கு ஆகாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் ஃப்ளக்ஸை சோடா உப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் அதே இடம் மறுபடி அரிக்கும்.

நடுக்குழாய் ஒன்று கிழிந்திருந்தால், அதன் இரு முனைகளையும் அமுக்கி ஈயம் வைத்து அடைத்துவிடலாம். ஓரிரண்டு குழாய் போனால் பெரிதாகத் தெரியாது. பத்தில் ஒன்றுக்கு மேல் போனால், குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியான கோரை மாற்றுவதே சரி.

ஒழுகலை நிறுத்த ரேடியேட்டருக்குள் போடும் மஞ்சள் தூளும் கடைப் பவுடரும் வயலிலிருந்து வீடு வரும் வரைக்கும்தான். அப்படியே விட்டால் குழாய்க்குள் கட்டியாகும்.

திரும்பப் பூட்டும்போது அடியிலுள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். தேய்ந்த ரப்பரில் உட்கார்ந்த ரேடியேட்டர் வண்டி அதிரும்போதெல்லாம் தொட்டி மூட்டில் விரிசல் விடும். மூடியில் ரப்பர் காய்ந்திருந்தால் புதிது வாங்குங்கள், அதே அழுத்த எண் உள்ளதாக. கிழக்குப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரில் கூலண்டைக் கலந்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஊற்றுங்கள். மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது நிரப்பி, பிறகு மூடுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள்.